அந்த விலைக்கு வாங்க ஆள் உண்டா?

ஜூலை மாதம் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வருகிறவர்களில் சிலர், எல்லாக் காகிதத்தையும் கொடுத்து முடித்த பிறகு கொஞ்சம் தயங்கிப் போனை நீட்டுகிறார்கள். "சார், இதையும் காட்டணுமா?" திரையில் ஒரு கிரிப்டோ காயினின் பெயர், அதன் கீழே லட்சக்கணக்கில் ஒரு தொகை. பிட்காயினோ ஈதரோ இல்லை. சில மாதங்களுக்கு முன்னால் பிறந்த ஏதோ ஒரு காயின். ஓட்டலில் நடந்த ஒரு கூட்டத்துக்கு மச்சானோ கூட வேலை பார்ப்பவரோ அழைத்துப்போய் உறுப்பினர் ஐடி போட்டுக் கொடுத்திருப்பார்.

இவர்கள் விவரம் தெரியாதவர்கள் இல்லை. அரை கிரவுண்டு வாங்கினாலும் முப்பது வருஷ வில்லங்கம் போட்டுப் பார்க்கிறவர்கள். கொங்குப் பகுதியில் 2012இல் ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்தபோது பணம் இழந்தவர்களும், இழந்த உறவினரைப் பார்த்தவர்களும் ஏராளம். காயின் என்று சொன்னதும் அவர்களும் சந்தேகப்படத்தான் செய்கிறார்கள். அந்தச் சந்தேகத்தைத் தீர்க்க எதைக் காட்டினார்கள், இவர்கள் எதைப் பார்த்துச் சரி என்றார்கள் என்பதில்தான் சிக்கல். ஆடிட்டராக எனக்கு ஆதாரம் பார்ப்பதுதான் தொழில். என் மேஜைக்கு வருகிற ஆதாரங்களில் பெரும்பாலானவை அசல்தான். ஆனால் அவை வேறு ஏதோ கேள்விக்கான பதில்கள்.

முதலில் வருவது கம்பெனிப் பதிவுச் சான்றிதழ். மத்திய அரசு முத்திரையோடு இருக்கிறதே என்பார்கள். பிரைவேட் லிமிடெட் கம்பெனி ஒன்றைப் பதிவு செய்வது என் போன்றவர்களுக்கு அன்றாட வேலை. இரண்டு இயக்குநர்கள், ஒரு முகவரி, சில நாள் அவகாசம் போதும். குறைந்தபட்சம் இவ்வளவு மூலதனம் வேண்டும் என்ற விதியைக்கூட 2015இல் எடுத்துவிட்டார்கள். அப்படி ஒரு கம்பெனி இருக்கிறது என்பதற்கு மேல் அந்தச் சான்றிதழ் எதையும் சொல்லவில்லை. உருப்படியாக ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் கம்பெனி விவகார அமைச்சகத்தின் தளத்தில் சிறு கட்டணம் கட்டி அதன் கடைசி பேலன்ஸ் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். பல கோடி வசூலித்ததாக மேடையில் பேசும் கம்பெனியின் கணக்கில் ஒரு லட்சம் மூலதனமும் கொஞ்சம் ஆபீஸ் வாடகையும் மட்டும் இருந்தால், உங்கள் பணம் அந்தக் கம்பெனிக்குப் போகவே இல்லை. "மெயின் கம்பெனி துபாயில் இருக்கு சார்" என்பது வழக்கமான பதில். அதன் பேலன்ஸ் ஷீட்டை உங்களாலும் பார்க்க முடியாது, என்னாலும் பார்க்க முடியாது.

அப்புறம், "கவர்மென்ட்டே வரி வாங்குதே" என்ற வாதம். 2022 ஏப்ரலிலிருந்து கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம் வரி, அதே ஆண்டு ஜூலையிலிருந்து விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது முன்கூட்டியே பிடித்துக்கொள்ளும் வரி. லாட்டரியில் விழுந்த பணத்துக்கும் 30 சதவீதம்தான். அதனால் லாட்டரி முதலீடு ஆகிவிடவில்லை. 2020 மார்ச்சில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் சிலர் காட்டுவார்கள். கிரிப்டோ நிறுவனங்களுக்கு வங்கிகள் சேவை தரக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2018இல் போட்ட சுற்றறிக்கையை அந்தத் தீர்ப்பு ரத்து செய்தது, அவ்வளவுதான். 2023 மார்ச் முதல், கிரிப்டோவை வாங்கி விற்க உதவும் எக்ஸ்சேஞ்சுகள் நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதும் உண்மை. அது கறுப்புப் பணம் நடமாடாமல் பார்த்துக்கொள்வதற்கான ஏற்பாடு. எக்ஸ்சேஞ்சில் எந்தக் காயின் நல்லது, எது கெட்டது என்று அங்கே யாரும் பார்ப்பதில்லை. எந்தக் காயினுக்கும் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி ஒப்புதல் கொடுத்ததில்லை, ரிசர்வ் வங்கியும் கொடுத்ததில்லை.

கொஞ்சம் படித்தவர்கள், ஐடி துறையில் இருப்பவர்கள், இதையெல்லாம் காட்டுவதில்லை. திட்டத்தை விளக்கும் ஒயிட்பேப்பர், டீம் போட்டோக்கள், பெரிய நிறுவனங்களோடு கூட்டு என்ற அறிவிப்பு, கோட் ஆடிட் ரிப்போர்ட் என்று காட்டுவார்கள். 2017இல் அமெரிக்காவில் சென்ட்ரா டெக் என்று ஒரு காயின் வெளியீடு நடந்தது. விசா, மாஸ்டர்கார்டு நிறுவனங்களோடு சேர்ந்து டெபிட் கார்டு தருவதாகச் சொல்லி 2.5 கோடி டாலருக்கு மேல் வசூலித்தார்கள். குத்துச்சண்டை வீரர் ஃபிளாய்ட் மேவெதர் விளம்பரம் செய்தார். விசாவும் மாஸ்டர்கார்டும் அவர்களோடு சேரவே இல்லை. நிறுவனத்தின் தலைமை நிர்வாகி என்று தளத்தில் போட்டிருந்த ஆளே கிடையாது. சம்பந்தமே இல்லாத ஒருவருடைய போட்டோவை எடுத்துப் பெயர் வைத்திருந்தார்கள். கோட் ஆடிட் என்பதிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அது நிரலில் ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது. சாவியை வைத்திருப்பவரே பெட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டு போனால் அந்த ரிப்போர்ட் என்ன செய்யும்?

இவை எல்லாவற்றையும்விட வலுவான ஆதாரம் ஒன்று உண்டு. "முதல் மாசமே பணம் வந்துச்சு சார், இதோ பாஸ்புக்." இதற்கு எதிராகப் பேசுவதுதான் மிகக் கஷ்டம். பணம் வந்தது நிஜம். 2015இல் தொடங்கிய கெயின்பிட்காயின் திட்டத்தில் மாதம் 10 சதவீதம் வீதம் 18 மாதத்துக்குத் தருவதாகச் சொன்னார்கள். ஆரம்பத்தில் பிட்காயினாகவே கொடுத்தார்கள். பிறகு தாங்களே உருவாக்கிய எம்கேப் என்ற டோக்கனாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். புதுக் காயின் ஒன்று எதற்காகப் பிறக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் கிடையாது. கொடுக்க வேண்டிய நல்ல பணம் தீர்ந்தபோது, தீராத ஒன்றை அச்சடித்துக் கொடுத்தார்கள்.

பிட்கனெக்ட் இதே கதையை உலக அளவில் நடத்தியது. அதன் நிறுவனர் சூரத்தைச் சேர்ந்த சதீஷ் கும்பானி என்று அமெரிக்க அரசு 2022இல் குற்றம் சாட்டியது. மொத்த மோசடி 240 கோடி டாலர் என்பது அந்தக் குற்றப்பத்திரிகையின் கணக்கு. 2018 ஜனவரியில், பணத்தைக் கடனாக வாங்கி வட்டி தருவதாகச் சொன்ன கடன் திட்டத்தை மூடியபோது, போட்டவர்களின் பாக்கி முழுவதையும் சொந்தக் காயினாகத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒரு காயின் சுமார் 363 டாலர் என்று அவர்களே கணக்குப் போட்டுக்கொண்டார்கள். காகிதத்தில் ஒரு சென்ட்கூடக் குறையவில்லை. சந்தையில் அந்தக் காயின் சில நாட்களுக்குள் 40 டாலருக்கும் கீழே போய்விட்டது.

நான் கேட்கச் சொல்கிற கேள்வி இங்கேதான் இருக்கிறது. திரையில் தெரிகிற விலைக்கு வாங்குவதற்கு யார் இருக்கிறார்கள்?

இதைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் 'மார்க்கெட் கேப்' என்ற எண்ணைப் பார்த்துத்தான் பலர் விழுகிறார்கள். நூறு மனை போட்ட லேஅவுட்டில் ஒரே ஒரு மனையைத் தன் மச்சான் பெயரிலேயே 50 லட்சத்துக்கு எழுதிவிட்டு, லேஅவுட்டின் மதிப்பு 50 கோடி என்று ஒருவர் சொன்னால் சிரிப்போம். காயினின் சந்தை மதிப்பு அப்படிப் போடப்படுகிற கணக்குத்தான். கடைசியாக நடந்த விற்பனையின் விலையை மொத்தக் காயின் எண்ணிக்கையால் பெருக்குகிறார்கள்.

மொத்தம் 100 கோடி டோக்கன், விலை 1 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தை மதிப்பு 100 கோடி ரூபாய் என்று தளம் காட்டும். ஆனால் இந்த மாதிரிப் புது டோக்கன்கள் பெரும்பாலும் லிக்விடிட்டி பூல் என்ற தொட்டியில்தான் விற்கப்படுகின்றன. தொட்டியில் ஒரு பக்கம் டோக்கன், மறுபக்கம் ரூபாயாக மாற்றக்கூடிய பணம். 20 லட்சம் டோக்கனும் 20 லட்ச ரூபாயும் இருக்கிற தொட்டி என்றால், அந்த 20 லட்சம்தான் இருக்கிற மொத்தப் பணம். வழக்கமான சூத்திரத்தில் இரண்டு பக்கத்தையும் பெருக்கினால் வருகிற எண் மாறக் கூடாது. 1.8 கோடி டோக்கனை ஒருவர் அதில் கொட்டினால், கட்டணம் போக ஏறத்தாழ 18 லட்ச ரூபாய் அவர் கைக்குப் போகும். தொட்டியில் மிஞ்சுவது 2 லட்சம், விலை 1 பைசா. அவர் விற்றது மொத்த டோக்கனில் 2 சதவீதம்கூட இல்லை. காயினை உருவாக்கியவர் கையிலோ பாதிக்கு மேல் இருக்கும். தொட்டியில் பணம் போட்டவரும் பல நேரம் அவரேதான். பூட்டி வைக்காவிட்டால் எந்த நேரமும் அதை உருவிக்கொள்ளலாம்.

சில டோக்கன்களில் விற்கவே முடியாதபடி நிரல் எழுதியிருப்பார்கள். 2021 நவம்பரில் ஸ்க்விட் என்ற டோக்கன் 2,800 டாலரைத் தாண்டி ஏறி, சில நிமிடங்களில் ஒன்றுமில்லாமல் ஆனது. ஏறும்போதே வாங்கியவர்கள் விற்க முடியவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார்கள். விலை அவ்வளவு வேகமாக ஏறியதற்கு அதுவும் காரணம்தானே. யாராலும் விற்க முடியாத சந்தையில் விலை இறங்காது.

ஈதர்ஸ்கேன், பிஎஸ்சிஸ்கேன் போன்ற தளங்களில் யாரிடம் எத்தனை டோக்கன் இருக்கிறது என்று இலவசமாகவே பார்க்கலாம். அதிகம் வைத்திருக்கிற முதல் பத்து வாலட்டுகளிடம் (காயின் கணக்குகளிடம்) எவ்வளவு, பூல் பூட்டப்பட்டிருக்கிறதா, எந்தத் தேதி வரை, புதிதாக அச்சடிக்கும் உரிமை இன்னும் உருவாக்கியவரிடம் இருக்கிறதா? இந்த மூன்றும் தெரிந்தாலே பாதிக் கதை தெரிந்துவிடும். டோக்கன் முகவரியைக் கேட்டால் "இன்னும் லிஸ்ட் ஆகல, நம்ம ஆப்லதான் இருக்கு" என்று பதில் வந்தால் மீதிக் கதையும் தெரிந்துவிட்டது. கம்பெனியின் சொந்த ஆப்புக்குள் மட்டும் தெரிகிற விலை, ஒரு ஆள் தட்டச்சு செய்த எண்.

புதுக் காயின் எல்லாமே ஏமாற்று என்று இதை எடுத்துக்கொள்ள வேண்டாம். எத்தீரியம் 2014இல் காயினை முன்கூட்டி விற்றபோது ஒன்றின் விலை சுமார் 30 சென்ட். திரட்டியது சுமார் 1.8 கோடி டாலர். அன்று சந்தேகப்பட்டு ஒதுங்கியவர்கள் பெரிய லாபத்தை விட்டார்கள், மறுப்பதற்கில்லை. ஏஜென்டுகளும் இதைச் சொல்லித்தான் ஆசை காட்டுகிறார்கள். ஆனால் அதே 2014இல்தான் பல்கேரியாவின் ரூயா இக்னாட்டோவா ஒன்காயினையும் தொடங்கினார். அவருக்கும் மேடை, அரங்கம், லண்டன் கூட்டம் எல்லாம் இருந்தன. இரண்டில் எது உருப்படும் என்று அன்றைக்கு யாராலும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. எதைச் சரிபார்க்க முடியும் என்று சொல்லியிருக்க முடியும். எத்தீரியத்தின் நிரல் திறந்து கிடந்தது, மாதா மாதம் இவ்வளவு தருகிறேன் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. ஒன்காயினின் விலையை அந்தக் கம்பெனியே வைத்தது. விற்பதென்றால் அவர்களுடைய உள்சந்தையில்தான், அதற்கும் தினசரி உச்சவரம்பு. 2017 தொடக்கத்தில் அதையும் மூடினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் ரூயா காணாமல் போனார். 2022இல் எஃப்.பி.ஐ.யின் மிக முக்கியத் தேடப்படுவோர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்.

பெரிய மனிதர் சொன்னார் என்பதும் இப்போது ஆதாரமாக வருகிறது. 2025 பிப்ரவரியில் அர்ஜென்டினாவின் அதிபர் ஹவியர் மிலேயே லிப்ரா என்ற காயினைப் பற்றிப் பதிவு போட்டார். சில மணி நேரத்தில் ஏறி, சில மணி நேரத்தில் நொறுங்கியது. பதிவை நீக்கிவிட்டார். இதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

என் வேலைக்கு வருகிறேன். நஷ்டமானால் வரியிலாவது கழித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் நிறைய. கிரிப்டோவில் அது நடக்காது. ஒரு காயினில் 2 லட்சம் லாபம், இன்னொன்றில் 5 லட்சம் நஷ்டம் என்றால், கையைப் பொறுத்தவரை 3 லட்சம் போய்விட்டது. வரியைப் பொறுத்தவரை 2 லட்சம் சம்பாதித்திருக்கிறீர்கள். 30 சதவீதமும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும் சேர்த்து 62,400 ரூபாய் கட்ட வேண்டும். அந்த 5 லட்சத்தைச் சம்பளத்திலும் கழிக்க முடியாது, அடுத்த ஆண்டுக்கும் கொண்டுபோக முடியாது. ஒரு காயினைக் கொடுத்து இன்னொன்று வாங்கினாலும் அது விற்பனைதான். புதுக் காயின் வாங்குவதற்காகப் பழைய பிட்காயினை மாற்றியவர்கள் இதில் நன்றாக மாட்டிக்கொள்கிறார்கள். ரூபாய் கண்ணிலேயே படாமல் வரி மட்டும் வந்து நிற்கும்.

இன்னொரு பழக்கம் என்னை அதிகம் கவலைப்படுத்துகிறது. சேர்த்துவிட்ட அப்லைனிடம் ரொக்கமாகப் பணத்தைக் கொடுத்து, டாலர் விலையை ஒட்டியே இருக்கும் யுஎஸ்டிடி காயினை ஏற்றிக்கொள்வது. ரசீது கிடையாது, வங்கித் தடம் கிடையாது. நாளைக்குப் புகார் கொடுக்கப் போனால் போட்டது எவ்வளவு என்று காட்ட வழி இல்லை. வருமான வரித் துறை கேட்டாலும் பணம் எங்கிருந்து வந்தது என்று காட்ட வழி இல்லை. திரும்பி வரும்போது முகம் தெரியாத யாருடைய கணக்கிலிருந்தோ பணம் வரும். அது வேறொரு மோசடியில் திருடிய பணமாக இருந்தால் உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படும். அதை விடுவிக்க வேறு மாநிலக் காவல் நிலையத்துக்கு நடையாய் நடந்தவர்கள் இருக்கிறார்கள்.

சொந்தக்காரர்களைச் சேர்த்துவிட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. "நானும் பணம் போட்டு ஏமாந்தவன்தானே" என்பது உங்களை முழுதாகக் காப்பாற்றாது. 2019ஆம் ஆண்டின் முறைப்படுத்தப்படாத வைப்புத்தொகைத் திட்டங்கள் தடைச் சட்டத்தில் நடத்துபவர் மட்டும் குற்றவாளி இல்லை. தெரிந்தே பொய்யான வாக்குறுதி கொடுத்து அடுத்தவரைச் சேர வைத்தவரும் அதில் வருவார். கமிஷன் உங்கள் கணக்குக்கு வந்திருந்தால் காவல்துறை முதலில் பார்ப்பது அந்தக் கணக்கைத்தான். கமிஷனை வருமானமாகக் காட்டாமல் விட்டவர்களுக்கு அது தனித் தலைவலி.

ஏற்கெனவே போட்டிருந்தால் விற்றுப் பாருங்கள். சிறு தொகையைத் தாராளமாகக் கொடுப்பார்கள், அதனால் இருப்பில் பாதியையாவது கேளுங்கள். "வரியை முன்னாடி கட்டினால்தான் ரிலீஸ் ஆகும்" என்று பணம் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வருமான வரியை யாரும் காயின் கம்பெனியின் வாலட்டில் கட்டுவதில்லை. ஆப் மூடுவதற்குள் திரைப் பதிவுகள், வாலட் முகவரிகள், பரிவர்த்தனை ஹாஷ் (ஒவ்வொரு பரிவர்த்தனைக்குமான அடையாளக் குறி), வாட்ஸ்அப் உரையாடல், சேர்த்துவிட்டவரின் யுபிஐ எண் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அன்றைக்கே அழையுங்கள். நிறையப் பேர் சிக்கிய திட்டமாக இருந்தால் எல்லோரும் ஒன்றுசேர்ந்து பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோ என்பது ஒருவர் வைத்திருக்கக்கூடிய சொத்து என்று சொல்லியிருக்கிறது. ஒரு எக்ஸ்சேஞ்சில் காயின் முடக்கப்பட்டவர் போட்ட வழக்கு அது. நிஜமான காயின் வைத்திருப்பவர்களுக்கு அந்தத் தீர்ப்பு உதவும்.

புகார் கொடுத்த சில வாரங்களில், இழந்த கிரிப்டோவை மீட்டுத் தருகிறோம், 10 சதவீதம் முன்பணம் போதும் என்று ஒரு போன் வரும். போட்ட தொகையைக்கூடச் சரியாகச் சொல்வார்கள். ஏமாந்தவர்களின் விவரம் அவர்கள் கைக்கு எப்படிப் போயிருக்கும் என்று யோசித்தால் போதும். காவல்துறை எந்த வழக்கிலும் முன்பணம் கேட்பதில்லை.