கரிசலில் வீடு: விரிசலைப் பூசுவதற்கு முன்

வருடத்தில் இரண்டு முறை என் தொலைபேசி ஓயாது. சித்திரையில் அழைப்பவர்கள் "சுவர் பிளந்துவிட்டது" என்பார்கள். ஐப்பசியில், மழை பிடித்துப் பத்து நாள் ஆனதும், "கதவைச் சாத்த முடியவில்லை" என்பார்கள். கோவில்பட்டி, சாத்தூர், விளாத்திகுளம் பக்கம் வீடு கட்டித் தருபவர்கள் எல்லோருக்கும் இது பழகிய கதைதான். (மரக்கதவு என்றால் பதறாதீர்கள், மழைக்கு மரமே உப்பும். இரும்பு நிலையில் இருக்கும் கதவும் இறுகினால் என்னைக் கூப்பிடுங்கள்.)

கரிசல் வலுவில்லாத மண் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். வைகாசி வெயிலில் காய்ந்த கரிசலைக் கடப்பாரையால் குத்திப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அந்த மண் அசைகிறது என்பதுதான் தொல்லை. அதிலுள்ள மான்ட்மோரிலோனைட் என்ற கனிமம் மெல்லிய தகடுகளை அடுக்கியது போன்றது. தகடுகளுக்கு நடுவே தண்ணீர் புகுந்தால் மண் வீங்கும், வற்றினால் சுருங்கும். மானாவாரிப் பருத்திக்கு ஈரத்தைப் பிடித்துவைப்பதும் கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பதும் இந்த ஒரே குணத்தால்தான். வீங்கும்போது அது மேல்நோக்கித் தள்ளும் அழுத்தத்தை அமுக்கிவைக்க ஒற்றைத்தள வீட்டின் எடை பெரும்பாலும் போதாது. மாடி வீடு ஓரளவு தப்பிக்கும். காம்பவுண்டு சுவரும் வாசற்படியும்தான் முதலில் மாட்டிக்கொள்ளும். உங்கள் தெருவில் நேராக நிற்கும் காம்பவுண்டு சுவர்கள் எத்தனை என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள்.

ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் சாத்தூர்ப் பக்கம் கட்டிய வீட்டுக்கு ஒரு கோடையில் போனேன். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலேறும் விரிசல். கூடத்தின் நடுவில் டைல்ஸ் உப்பி, நடந்தால் டொக் டொக் என்றது. மூன்று கோடைகளாகக் கலவை வைத்து அடைத்து, பட்டி பார்த்து, வர்ணம் பூசியிருக்கிறார். "கொத்தனார் சிமென்ட்டைக் குறைத்துவிட்டார் என்று நினைக்கிறேன், தம்பி" என்றார்.

கொத்தனார் பாவம். வீட்டைச் சுற்றி நடந்தபோதே விஷயம் தெரிந்துவிட்டது. பின்மூலையில் குளியலறைத் தண்ணீர் சுவரை ஒட்டிய வாழைக்குப் பாய்கிறது. மாடித் தொட்டி நிரம்பினால் அதுவும் அங்கேதான் வழிகிறது. எதிர்மூலையில், சுவரிலிருந்து ஐந்தடியில், நன்றாக வளர்ந்த வேம்பு. ஒரு மூலை ஆண்டு முழுவதும் நனைந்து வீங்கியிருக்க, மறு மூலையில் வேர் ஈரத்தை உறிஞ்சி மண்ணைச் சுருக்குகிறது. நடுவில் சுவர் விட்டுக்கொடுத்திருக்கிறது. கூடத்தின் கதை வேறு: வானம், அதாவது அஸ்திவாரப் பள்ளம், தோண்டிய கரிசலையே பேஸ்மென்ட்டுக்குள் கொட்டி நிரப்பியிருக்கிறார்கள். லாரிச் செலவு மிச்சம். மேலே தரை மூடிவிட்டதால் அடியில் சேரும் ஈரம் ஆவியாக வழியில்லை. தரை மெல்ல மெல்ல உப்பியது.

கோடையில் பூசுவது ஏன் நிற்பதில்லை என்பதையும் அவரிடம் சொன்னேன். விரிசல் அதிகம் விரிந்திருக்கும் நேரம் அது. அப்போது சிமென்ட் கலவையை இறுக்கி அடைத்தால், மழையில் சுவர் பழைய இடத்துக்குத் திரும்ப இடம் இருக்காது. பக்கத்தில் புதிதாகப் பிளக்கும்.

முதல் மருந்தாக ஒரு பென்சிலைக் கொடுத்தேன். விரிசலுக்குக் குறுக்கே கோடு போட்டு, மாதம் ஒரு முறை அகலத்தை அளந்து, தேதியோடு சுவரிலேயே எழுத வேண்டும். ஒரு மழைக்காலத்திலிருந்து அடுத்த மழைக்காலம் வரை. விரிசல் திறந்து மூடினால் அது பருவத்தோடு போகும் அசைவு. ஒரே திசையில் வளர்ந்துகொண்டே போனால்தான் அஸ்திவாரத்தில் கை வைக்கும் பேச்சு.

காத்திருக்கும் காலத்தில் தண்ணீரை ஒழுங்கு செய்தோம். எல்லாக் கழிவுக் குழாய்களும் பத்தடிக்கு அப்பால் போயின. வீட்டைச் சுற்றிச் சரள் மண்ணை இறுக்கி, அதன்மேல் ஆறடி அகலத்துக்கு, வெளிப்பக்கம் சரிவாக, கான்கிரீட் நடைதளம் போட்டோம். சுவரும் தளமும் சேருமிடத்தைச் சிமென்ட்டால் இறுக்காமல் தார் ஊற்றினோம், இரண்டும் தனித்தனியே அசையட்டும் என்று. வேம்பை அவர் அன்றைக்கே வெட்டச் சொன்னார். நான்தான் தடுத்தேன். பெரிய மரத்தை ஒரேயடியாக வெட்டினால், அது வற்றவைத்திருந்த மண் மறுபடி நீர் பிடித்து வீங்கும். அடுத்த விரிசல் அதனால் வரும். கிளைகளைக் கழித்து, மரத்துக்கும் சுவருக்கும் நடுவே ஆழமாக ஒரு கான்கிரீட் தடுப்பு வைத்தோம். கூடத்துத் தரையைப் பெயர்த்துக் கரிசலை அள்ளிவிட்டுச் சரள் நிரப்பியதுதான் பெருஞ்செலவு.

எனக்கு முன்பு வந்த ஒருவர், சுவர் முழுவதும் அடியில் தோண்டிப் புதிய கான்கிரீட் போடலாம் என்று அவருக்கு விலை சொல்லியிருந்தார். அப்படிச் செய்ய வேண்டிய வீடுகளும் உண்டு. ஆனால் நாலடித் துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்றாகத்தான் தோண்ட வேண்டும். பருவத்துக்குப் பருவம் ஈரம் மாறும் மேல் மண்ணைத் தாண்டிப் போக வேண்டும். நம் நாட்டுக் கரிசலில் அது பொதுவாக 3 முதல் 3.5 மீட்டர். மூன்றடியில் நிறுத்தினால் பணம்தான் மண்ணுக்குள் போகும். வீட்டின் ஒரு பாதியை மட்டும் ஆழத்தில் உட்காரவைத்தால் மறு பாதி தனியாக ஆடும்.

இனிமேல் கட்டப்போகிறவர்களுக்கு ஒரு சோதனை. சலித்த காய்ந்த மண் 10 கிராம் வீதம் இரண்டு அளவுக் குடுவைகளில் போட்டு, ஒன்றில் தண்ணீரும் மற்றதில் மண்ணெண்ணெயும் 100 மில்லி வரை ஊற்றி, ஒரு நாள் விடுவார்கள். மண்ணெண்ணெயில் களிமண் வீங்காது. தண்ணீரில் இருக்கும் மண் எத்தனை சதவீதம் கூடுதலாக உயர்ந்திருக்கிறது என்பதே கணக்கு. 50-க்குக் கீழ் என்றால் நிம்மதி. 100-ஐத் தாண்டினால் சாதாரணக் கருங்கல் அஸ்திவாரத்தை மறந்துவிடுங்கள். கட்டுமானத்துக்கான மண் பரிசோதனைக்கூடங்களில் இதைச் செய்வார்கள். வாசலுக்குப் போடும் கிரானைட்டின் விலையோடு ஒப்பிட்டால் கட்டணம் ஒன்றுமேயில்லை.

அத்தகைய மண்ணுக்கு ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் வளர்த்தெடுத்த அண்டர்-ரீம்டு பைல் நல்ல வழி. அடியில் வெங்காயம் போல் பருத்த கான்கிரீட் தூண் அது. தண்டைப்போல் இரண்டரை மடங்கு அகலமான அந்தப் பருமன், அசையாத ஆழத்தில் மாட்டிக்கொண்டு, மேல்மண் தூக்கினாலும் பிடித்து நிற்கும். தூண்களை இணைக்கும் பீமுக்கு அடியில் மூன்று அங்குலத்துக்கு மேல் வெற்றிடம் விட வேண்டும். மேஸ்திரிகள் இந்த இடைவெளியை "எதற்கு சார் வீணாக" என்று மண்ணால் அடைத்துவிடுவார்கள். அந்த நாளில் நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். வானத்தில் மணல் நிரப்பினால் போதும் என்ற யோசனையும் எனக்கு உடன்பாடில்லை. மணலுக்குள் இறங்கிய மழைநீர் வெளியேற வழியின்றிக் கரிசலை நனைத்துக்கொண்டே இருக்கும்.

ஆசிரியர் வீட்டு விரிசல் இரண்டாம் ஆண்டில் நெல்மணி அகலத்தோடு நின்றுவிட்டது. தை பிறந்ததும் கம்பி கட்டி, சுண்ணாம்பு கலந்த சாந்தால் அடைத்தோம். அதற்குப் பிறகும் அவர் ஜன்னலுக்குப் பக்கத்தில் மாதாமாதம் தேதி எழுதுகிறார். வெள்ளையடிக்க வந்தவரை அந்த ஒரு முழத்தை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறார்.