மச்சுக்குள் ஓர் ஏரியல்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்து ஓட்டு வீடுகளில் பழைய டிவி ஆன்டெனா இன்னும் நின்றால், அது காக்கை உட்காரத்தான் ஆகும். தூர்தர்ஷன் தரைவழி ஒளிபரப்பைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டது. எஃப்எம் வானொலி மட்டும் இன்னும் காற்றில்தான் வருகிறது. கொடைக்கானலிலிருந்து 100.5 மெகாஹெர்ட்ஸில் வரும் கோடை பண்பலையைத் தெளிவாகக் கேட்க ஆசைப்படுகிறவர் கூரைமேல் கம்பம் நட வேண்டியதில்லை. ஓட்டுக்கு அடியில், மச்சிலேயே ஏரியல் கட்டலாம்.

காரணம் மண் ஓடு. அது மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே சுமார் 3 மீட்டர் நீளமுள்ள இந்த அலை பெரிய இழப்பில்லாமல் உள்ளே வந்துவிடும். கான்கிரீட் தளத்தில் ஒரு சாண் இடைவெளியில் கம்பி கட்டியிருப்பார்கள். 3 மீட்டர் அலைக்கு அந்த இடைவெளி மிகச் சிறியது. மீனுக்கு வலை மாதிரி. ஜன்னல் வழியாக நுழைவதுதான் மிச்சம். இப்போது பரவிவரும் டிரஸ் கூரையின் தகர ஷீட் இன்னும் மோசம். அமெரிக்காவில் வீட்டுக் கூரைக்கு அடியில் டிவி ஆன்டெனா வைப்பது சகஜம். அங்கும் வெப்பத்தைத் தடுக்க அலுமினியத் தாள் ஒட்டிய வீடுகளில் அது எடுபடாது.

மச்சு போதுமான உயரமா? கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கிளம்பும் அலைக்கு, குறுக்கே மலை இல்லாத திசையில், அடிவானம் 180 கிலோமீட்டருக்கு அப்பால்தான். கொழிஞ்சாம்பாறை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். நம் பக்கம் இன்னும் ஐந்தடி ஏற்றினால் பக்கத்து வீட்டையும் தென்னந்தோப்பையும் தாண்டலாம், அவ்வளவுதான். மலை குறுக்கே நின்றால் அந்த ஐந்தடி எதற்கும் உதவாது.

ஏரியல் என்பது 71 சென்டிமீட்டர் வீதம் இரண்டு செம்புக் கம்பிகள். நேர்க்கோட்டில் இழுத்துக் கட்டி, நடுவில் சிறு இடைவெளி விட்டு, டிஷ் கேபிளின் நடுக்கம்பியை ஒன்றிலும் வெளிப்பின்னலை இன்னொன்றிலும் சேர்க்க வேண்டும். இந்த அமைப்பின் மின்தடுப்பு (அலை மின்சாரத்துக்கு அது காட்டும் எதிர்ப்பு) சுமார் 73 ஓம், கேபிளுடையது 75. பொருத்தம் சரி.

எந்தத் திசையில் கட்டுவது என்பதுதான் சுவாரசியம். கம்பி தன் பக்கவாட்டில் நன்றாகக் கேட்கும்; இரு முனைகளின் திசையில் கிட்டத்தட்டச் செவிடு. கொழிஞ்சாம்பாறைக்குக் கொடைக்கானல் தென்கிழக்கு. அப்படியானால் கம்பி வடகிழக்கு–தென்மேற்காக ஓட வேண்டும். அப்படி ஓடும்போது ஒரு முனை ஏறத்தாழக் கோயம்புத்தூரையும், மறுமுனை கொச்சியையும் பார்க்கிறது! அந்த ஊர்களில் உள்ளது போன்ற பக்கத்து நிலையம் உரக்கக் கத்தினால் எஃப்எம் ரேடியோ தூரத்து மெல்லிய குரலை விட்டுவிடும். அந்தச் சத்தத்தைக் குறைக்கும் வேலையை இங்கே பூகோளமே செய்து தருகிறது. எதிரொலிப்பு கொஞ்சம் வரும் என்பதால் முழுச் செவிடாகாது.

மச்சுக்குள் அலை ஒரே வழியில் வருவதில்லை. இரும்புத் தண்ணீர்த் தொட்டி, ஒயரிங், சுவரோரத் தகரப்பெட்டி எல்லாவற்றிலும் பட்டுத் திரும்பும். நேர் அலையும் திரும்பிய அலையும் ஓரிடத்தில் கூடும், வேறோரிடத்தில் ஒன்றையொன்று அடிக்கும். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே வெறும் 75 சென்டிமீட்டரே இருக்கலாம். ஆகவே ஆணி அடிக்கும் முன் கம்பியைக் கயிற்றில் தொங்கவிட்டு, உத்தரத்துக்கு உத்தரம் நகர்த்திக் கேட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால், பூஸ்டருக்குக் காசு போடும் முன் செய்ய வேண்டியது இதைத்தான். பூஸ்டர் இரைச்சலையும் சேர்த்துத்தான் பெருக்கும்.

அப்புறம் அந்த இரைச்சல். மலிவான எல்இடி பல்பும் இன்வெர்ட்டரும் மச்சுக்கு மிக அருகில் இருக்கும். பேட்டரி டிரான்சிஸ்டரின் ஏரியலில் கேபிளின் நடுக்கம்பியைக் கிளிப் போட்டுவிட்டு, இன்வெர்ட்டரையும் மெயின் சுவிட்சையும் அணையுங்கள். இரைச்சல் போய்விட்டால் குற்றவாளி வீட்டுக்குள். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.