கோரிக்கைப் பட்டியலுக்கு முன் சந்தாப் புத்தகம்

ஊதிய ஒப்பந்தம் முடிய இரண்டு மாதங்களே இருக்கும் நிலையில், கோரிக்கைப் பட்டியலைச் சட்ட நோக்கில் சரிபார்த்துத் தருமாறு தொழிற்சங்க நிர்வாகிகள் என் அலுவலகத்துக்கு வருவதுண்டு. தொழிலாளர் தரப்பு வழக்கறிஞர் என்ற முறையில், பட்டியலைப் பிரிப்பதற்கு முன் சந்தாப் புத்தகத்தையும் உறுப்பினர் பதிவேட்டையும் கேட்பது என் வழக்கம். சிலருக்கு அது சங்கடமாக இருக்கும். ஏனெனில் கடந்த ஒப்பந்தம் கையெழுத்தானதும் கிடைத்த நிலுவைச் சம்பளத்திலிருந்து (அரியர்ஸ்) ஒரு தொகையை நன்கொடையாக வாங்கியதோடு மாதச் சந்தா வசூல் நின்றுபோயிருக்கும். ஆலையே எங்கள் பக்கம் என்பார்கள். தேதியிட்ட விண்ணப்பமும் தொடர்ச்சியான ரசீதும் உள்ளவர்களை எண்ணினால் பாதிகூடத் தேறாது.

இதுவரை அந்தக் குறையைத் தலைவர்களின் செல்வாக்கு ஓரளவு மூடிவந்தது. 2025 நவம்பர் 21 அன்று தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்தபின் அதற்கு இடமில்லை. ஓர் ஆலையில் ஒன்றுக்கு மேற்பட்ட சங்கங்கள் இருந்தால், மஸ்டர் ரோலில், அதாவது ஆலையின் பணியாளர் வருகைப் பதிவேட்டில், உள்ள தொழிலாளர்களில் 51 விழுக்காட்டினரின் ஆதரவைப் பெற்ற சங்கமே தனித்துப் பேசும் உரிமை உடையது. எவருக்கும் அந்த எண்ணிக்கை இல்லையென்றால், 20 விழுக்காட்டுக்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்களின் பிரதிநிதிகளைக் கொண்டு பேச்சுவார்த்தைக் குழு அமைக்கப்படும். ஆயிரம் பேர் வேலை செய்யும் ஆலையில் தொழிலாளர்கள் 480, 330, 190 என மூன்று சங்கங்களாகப் பிரிந்து நிற்பதாக வைத்துக்கொள்வோம். முதல் சங்கம் 30 பேர் குறைவதால் தனியுரிமையை இழக்கிறது. மூன்றாவது சங்கத்துக்கு 10 பேர் குறைவதால் மேசையில் இடமே இல்லை. அந்த 190 பேரின் அதிருப்தியை யார் முதலில் பயன்படுத்திக்கொள்வார்கள் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனால் சட்டம் எண்ணும் தலைகள் வேறு, உற்பத்தியை ஓட்டும் தலைகள் வேறு. ஒப்பந்தத் தொழிலாளர்கள் ஒப்பந்ததாரரின் பதிவேட்டில் இருப்பவர்கள்; அப்ரண்டிஸ்கள் எனப்படும் தொழில் பழகுநர்கள் தொழிலாளர் என்ற வரையறைக்குள்ளேயே வருவதில்லை. இவர்களைச் சேர்த்தால் 51 விழுக்காட்டுக் கணக்கில் எண்ணிக்கை உயராது என்பதற்காகச் சங்கங்கள் இவர்களைக் கண்டுகொள்ளாமல் விடுகின்றன. பேச்சுவார்த்தை முறிந்து நிரந்தரத் தொழிலாளர்கள் வெளியே நிற்கும்போது, உள்ளே லைன் ஓடுவது இவர்களால்தான். 24 மாதங்களில் 480 நாள் பணி முடித்தவருக்கு நிரந்தரத் தகுதி தரும் 1981-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம், கோரிக்கைப் பட்டியலின் கடைசிப் பக்கத்தில் சம்பிரதாயத்துக்கு ஒரு வரியாக இடம்பெறுவதைப் பார்க்கிறேன். அதை முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து, கேன்டீனில் தனி மேசையில் சாப்பிடும் அந்த இளைஞர்களிடம் போய்ப் பேசுவதே சரியான தொடக்கம் என்பது என் கருத்து.

நிரந்தரத் தொழிலாளர்களுக்குள்ளேயே பிளவு விழும் இடம் பெரும்பாலும் ஊதிய உயர்வைப் பிரிக்கும் முறைதான். அடிப்படைச் சம்பளத்தில் 20 விழுக்காடு உயர்வு என்று கேட்டால், 30,000 ரூபாய் வாங்கும் மூத்தவருக்கு 6,000 ரூபாய் கிடைக்கும். 14,000 ரூபாய் வாங்கும் இளையவருக்கு 2,800 ரூபாய்தான் கிடைக்கும். இரு தரப்பும் சம எண்ணிக்கையில் இருந்தால், அதே மொத்தச் செலவில் ஆளுக்கு 4,400 ரூபாய் என்று சமமாகவும் கேட்கலாம். அப்போது மூத்தவர்கள், இருபதாண்டு உழைப்புக்கு மதிப்பில்லையா என்பார்கள். இரண்டு தரப்பிலும் நியாயம் உண்டு. ஒரு பகுதி சமமாகவும் மறுபகுதி பணிக்காலத்துக்கு ஏற்பவும் என்று பொதுக்குழுவில் வாதிட்டு, வாக்கெடுத்து, தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிட்டால் விவகாரம் அங்கேயே முடியும். முடிவெடுக்காமல் மேசைக்குப் போனால், அந்தக் கேள்வியை நிர்வாகமே எழுப்பும். உங்கள் குழுவிலேயே இருவர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள், அதையும் மனிதவள அதிகாரி குறித்துக்கொள்வார்.

வெளியே சொல்லத் தயங்கும் பிளவுகளும் உண்டு. 1918-இல் பெரம்பூரில் தொடங்கப்பட்ட சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடி. 1921-இல் பின்னி நிறுவனத்தின் பக்கிங்ஹாம், கர்னாடிக் ஆலைகளில் மாதக்கணக்கில் நீடித்த வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர், புளியந்தோப்பில் சாதி மோதல் வெடித்தது, போராட்டம் தோற்றது. அவர்களைக் கருங்காலிகள் என்று பழிப்பது எளிது. அவர்களுடைய நம்பிக்கையைச் சங்கம் முன்கூட்டியே பெறவில்லை என்றே நான் அந்த வரலாற்றைப் படிக்கிறேன். இன்றும் செயற்குழுப் பட்டியலைப் பார்த்தால், எந்த ஊர்க்காரர்கள், எந்தச் சாதியினர், எந்தத் துறையினர் அதில் இல்லை என்பது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். பெண்கள் பாதிக்குமேல் உள்ள ஆலைகளில்கூட ஒரு பெண் நிர்வாகி இல்லாத சங்கங்களை அறிவேன்.

ஒற்றுமை குலைந்த இடத்தில் நிர்வாகம் ஒரு சிறு குழுவோடு தனியே ஒப்பந்தம் போடுவதும், மற்றவர்களிடம் தனித்தனியாகக் கையெழுத்து வாங்குவதும் வாடிக்கை. பழைய தொழில் தகராறுச் சட்டத்தின்கீழ் பிரிவு 18(1) என்றும் பிரிவு 12(3) என்றும் நாம் சொல்லிப் பழகிய வேறுபாடு புதிய தொகுப்பிலும் தொடர்கிறது: இருதரப்பாகப் போடப்படும் ஒப்பந்தம் கையெழுத்திட்ட தரப்புகளையே கட்டுப்படுத்தும்; அரசின் சமரச அதிகாரி முன் ஏற்படும் ஒப்பந்தம் பின்னால் வேலைக்குச் சேர்பவர்கள் உட்பட எல்லாரையும் கட்டுப்படுத்தும். எந்தத் தாளையும் சங்கத்திடம் காட்டாமல் கையெழுத்திட வேண்டாம் என்பதை ஒவ்வோர் உறுப்பினருக்கும் நேரில் சொல்லியிருக்க வேண்டும். அறிவிப்புப் பலகையில் ஒட்டிய நோட்டீஸ் இதற்குப் போதாது.

இன்னொன்றையும் உறுப்பினர்களிடம் விளக்க வேண்டும். 14 நாள் முன்னறிவிப்பு இல்லாமல் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது என்ற விதி இப்போது எல்லாத் தொழில்களுக்கும் பொருந்தும். சமரசப் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதும் தடை உண்டு. 50 விழுக்காட்டினர் ஒரே நாளில் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தமாகவே கருதப்படும். சட்டவிரோத வேலைநிறுத்தத்தில் ஈடுபடும் தொழிலாளிக்கு 1,000 முதல் 10,000 ரூபாய் வரை அபராதமோ, ஒரு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். நாளை எல்லாரும் லீவு போடுவோம் என்று ஆர்வத்தில் ஒருவர் வாட்ஸ்அப் குழுவில் போடும் செய்தி மொத்தப் பேச்சுவார்த்தையையும் இந்த வலையில் சிக்கவைத்துவிடும் என்பதால், கோரிக்கைப் பட்டியலை நிர்வாகத்திடம் கொடுப்பதற்கு முன்பே துறைவாரிக் கூட்டங்களில் இந்த விதிகளைப் படித்துக் காட்டிவிடுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.