கர்டரின் அடியில் ஒரு துண்டுத் தகடு

ரங்கூனுக்கு வெளியே ஓர் ஆற்றுப் பாலம். குடிநீர்க் குழாயைத் தாங்குவதற்காக, கர்டரின், அதாவது பாலத்தைச் சுமக்கும் எஃகு உத்தரத்தின், அடித்தட்டில் ஒரு சாண் நீளத் தகட்டை யாரோ பற்றவைத்துவிட்டுப் போயிருந்தார். தகட்டின் முனையில், பச்சைப் பெயிண்டைக் கீறிக்கொண்டு காவி நிறத்தில் ஒரு கோடு. பெயிண்டைச் சுரண்டிச் சிவப்புச் சாயம் தடவினோம். கால் மணி நேரம் பொறுத்துத் துடைத்து, வெள்ளைப் பூச்சைத் தெளித்தோம். சற்று நேரத்தில் வெள்ளையின் மேல் ஒரு சிவப்பு மயிரிழை ஊறி வந்தது. விரிசல்தான். நீளம் 40 மில்லிமீட்டர்.

“இதன் மேலேயே ஒரு வெல்டிங் இழுத்துவிடட்டுமா அண்ணே?” என்றார் உடன் வந்த வெல்டர். நல்ல கைக்காரர்தான். ஆனால் அந்தக் கோட்டைப் பிறப்பித்ததே வெல்டிங்தான்.

லாரி ஒவ்வொன்றும் கடக்கும்போது அடித்தட்டு துளி நீண்டு, பிறகு சுருங்குகிறது. வெறும் தட்டாக இருந்தால் அதைப் பல காலம் தாங்கும். பற்றவைப்பின் ஓரத்திலோ கண்ணுக்குத் தெரியாத பள்ளமும் கசடும் இருக்கின்றன. போதாக்குறைக்கு, உருகிய உலோகம் ஆறிச் சுருங்கும்போது பக்கத்து எஃகை இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. வண்டியே போகாத நடுநிசியிலும் அந்த ஓரம் இழுபட்டுத்தான் நிற்கிறது. ஐரோப்பிய விதிநூலின்படி, 20 லட்சம் சுற்றுகளுக்கு (ஒரு முறை நீண்டு சுருங்குவது ஒரு சுற்று) வெறும் தட்டு தாங்கும் தகைவின், அதாவது உள்ளிழுப்பின், ஏற்ற இறக்கம் 160 மெகாபாஸ்கல். 100 மில்லிமீட்டருக்கு மேல் நீளமான தகட்டை அதில் ஒட்டினால் 56. ஆயுள் கணக்கில் இது 20 மடங்குக்கும் மேற்பட்ட இழப்பு. உயர்ரக எஃகு வாங்கிப் போட்டாலும் இந்த 56 உயராது. இதைச் சொன்னால் ஒப்பந்தக்காரர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

பீலிக்கான் கோயில் திருவிழாவுக்குப் பஸ்ஸில் ஆளை அடைத்துக்கொண்டு போகிறோமே, அதனால் பாலத்துக்குக் கேடு வருமா என்று உறவினர் ஒருவர் கேட்டார். மனிதர்கள் ஒரு பாரமே இல்லை. ஜல்லியும் தேக்கும் ஏற்றிய லாரிதான் கணக்கு. தகைவின் ஏற்ற இறக்கம் இரு மடங்கானால் சேதம் ஏறத்தாழ எட்டு மடங்காகும்.

வடபர்மாவின் லாஷியோவுக்கு ரயிலில் போனவர்கள் 1900-இல் கட்டிய கோக்தெய்க் ரயில் பாலத்தை அறிவார்கள். அந்தக் காலத்து ரிவெட் வேலையில், அதாவது தட்டுகளைத் தறையாணியால் இணைக்கும் முறையில், தட்டுகள் தனித்தனி. ஒன்றில் விழுந்த விரிசல் அடுத்ததற்கு எளிதில் தாவாது. பற்றவைத்த கர்டர் முழுக்க ஒரே உடம்பு. விரிசலுக்கு அதில் வேலி கிடையாது. ஆயுளில் பெரும்பகுதியை விரிசல் சில மில்லிமீட்டருக்குள்ளேயே கழிக்கிறது. கண்ணில் படும்போது அது வேகமெடுத்திருக்கும்.

சாலைத்துறைக்குச் சொல்லி அந்தப் பக்கத்தில் லாரிகள் போகாமல் தடுத்தோம். விரிசலின் இரு முனைகளையும் தேடிப் பிடித்து, கூர்முனை மிச்சமில்லாதபடி விரல் நுழையும் அளவுக்குத் துளையிட்டோம். அது தற்காலிக வைத்தியம். இருபுறமும் தகடு வைத்துப் போல்ட்டால் முடுக்குவது அடுத்த வேலை. குழாய்க்கும் இனிப் போல்ட் கிளாம்புதான். அதே ஆள் ஒட்டிய தகடுகளை மறுகரை வரை எண்ணினோம். இன்னும் 11.

வெல்டர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்ததற்கு நடந்தார். சுரண்டியை நான் எடுத்துக்கொண்டேன்.