இடியன் துவக்குக்கு எவ்வளவு மருந்து?

யாழ்ப்பாணத்துக் குருநகர்க் கரையில் வலைக்கு ஈயம் கோத்துக்கொண்டிருந்த ஐயா ஒருவரிடம் ஒரு மணியை வாங்கி நகத்தால் கீறிப் பார்த்தேன். வெள்ளிபோலப் பளிச்சென்று ஒரு கோடு விழுந்தது. "சுத்த ஈயமெண்டால் இப்பிடித்தான் தம்பி, நகத்துக்கே இடங்குடுக்கும். கலப்பு ஈயம் கீறாது" என்றார். குழல்வாயால் வெடிமருந்திட்டு இடிக்கும் துவக்குக்குக் குண்டு வார்ப்பவர்களும் இதே நகச் சோதனையைத்தான் செய்கிறார்கள். அந்தத் துவக்கில் குண்டின் மென்மைக்குப் பெரிய வேலை இருக்கிறது.

எங்கள் பக்கத்தில் அதற்கு இடியன் துவக்கு என்று பெயர். அனுமதிப்பத்திரமில்லாமல் அதை வைத்திருப்பது இங்கே குற்றம். அமெரிக்காவிலோ பல மாநிலங்களில் இந்த வகைத் துவக்குக்கென்றே தனி வேட்டைக்காலம் உண்டு. அங்கே மருந்தளவும் குண்டும் பொருத்துவது ஒரு கலையாகவே வளர்ந்திருக்கிறது.

மருந்தைக் கூட்டினால் குண்டு அவ்வளவுக்கு நன்றாகப் போகும் என்றே எல்லோரும் நினைக்கிறார்கள். கணக்கு அப்படி வருவதில்லை. வெடியுப்பு, கரி, கந்தகம் மூன்றும் சேர்ந்த கருமருந்து எரியும்போது அதன் எடையில் பாதிக்கும் குறைவான பங்குதான் வாயுவாகிறது. மிச்சம் புகையாகவும் கசடாகவும் போகும் திண்மத் துகள். மருந்தை இரட்டிப்பாக்கி, ஆற்றலும் முழுதாக இரட்டித்தது என்றே வைத்துக்கொண்டாலும் குண்டின் வேகம் ஏறத்தாழ 1.4 மடங்குதான் ஆகும். உண்மையில் அதுகூட வராது. கூடுதல் மருந்தின் எடையையும் அந்த வாயுவே தள்ளவேண்டும். எரிந்து முடியாத மணிகள் குழல்வாயால் வெளியே பறக்கும். உருண்டைக் குண்டென்றால் கூட்டிய வேகத்தில் பெரும்பங்கைக் காற்றே முதல் நூறு மீற்றருக்குள் பிடுங்கிவிடும்.

மருந்தை அளப்பது கிறெயின் கணக்கில். ஒரு கிறெயின் 64.8 மில்லிகிராம், 70 கிறெயின் கிட்டத்தட்ட ஒரு தேக்கரண்டி. மணி பருமனென்றால் எரிவது மெதுவாகும், பொடியென்றால் அழுத்தம் சட்டென்று ஏறும். அதனால்தான் பெரிய குழலுக்குப் பருமணி, சிறியதற்குப் பொடிமணி. புகையற்ற நவீன மருந்தைக் கருமருந்துத் துவக்கில் போடவே கூடாது. அதன் அழுத்தத்தை அந்தக் குழல் தாங்காது. வெடித்தால் போவது சுடுபவரின் கையும் கண்ணும்.

இனிக் குண்டு. 1795இல் யாழ்ப்பாணக் கோட்டையை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றிய ஆங்கிலேயரின் படைகளில் அப்போது வழக்கிலிருந்த, உட்புறம் வழவழப்பான குழலுள்ள மஸ்கட் துவக்குக்குக் குழல் விட்டம் சுமார் 0.75 அங்குலம், குண்டு 0.69. கசடு படிந்த குழலிலும் விரைவாக இறங்கவேண்டுமென்று வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது. விலை என்னவென்றால், குண்டு குழலுக்குள் இருபக்கமும் மோதிக்கொண்டே போய், கடைசியாக எந்தப் பக்கம் மோதியதோ அதற்கேற்பத் திசைமாறிப் போகும்.

ரைபிளில் குழலின் உட்புறம் முறுக்குத் தவாளிப்பு, அதாவது சுருளாகச் சுற்றிச் செல்லும் பள்ளக்கோடு, ஓடும். 0.50 அங்குலக் குழலுக்கு 0.490 அங்குலக் குண்டை எண்ணெய்ச் சீலையில் பொதிந்து இடிப்பார்கள். ஏறக்குறைய பதினொன்றரைக் கிராம் ஈயம். தவாளிப்பைப் பிடிப்பதும் குண்டைச் சுழற்றுவதும் சீலைதான். பம்பரத்தை நினைத்துப் பாருங்கள்: குட்டைப் பம்பரம் மெல்லச் சுற்றினாலும் நிற்கும், நெட்டைப் பம்பரத்துக்கு வேகம் வேண்டும். உருண்டைக்குத் தவாளிப்பு 66 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்றினால் போதும். நீளக் குண்டுக்கு 28 அங்குலத்துக்கு ஒன்று வேண்டியிருக்கும். நெருக்கமான முறுக்கில் உருண்டையை நிறைய மருந்தோடு சுட்டால் சீலை கிழிந்து குண்டு வழுக்கிவிடும்.

ஈயத்தின் மென்மை முழுதாக வேலைசெய்வது இன்னோர் இடத்தில். 1849இல் பிரெஞ்சுப் படையதிகாரி குளோட் எத்தியென் மினியே அடிப்பக்கம் குடைந்த நீளக் குண்டொன்றை அமைத்தார். இடிக்கும்போது தளர்வாக இறங்கும். வெடித்ததும் வாயு அந்தக் குடைவை விரித்துத் தவாளிப்போடு ஒட்டவைக்கும். கலப்பு ஈயம் என்றால் விரியாது. எனக்கு இந்த வகையில் மிகப் பிடித்த யோசனை இதுதான்: ஒரே குண்டு போகும்போது சிறிது, வரும்போது பெரிது. ஆங்கிலேயரின் 1853 என்பீல்ட் ரைபிள் இதைப் பின்பற்றி 530 கிறெயின் குண்டைச் சுமார் 70 கிறெயின் மருந்தால் சுட்டது. அதன் தோட்டாவில் பூசிய கொழுப்புத்தான் 1857 இந்தியச் சிப்பாய்க் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றானது. கசடை இளக்கமாக வைத்து அடுத்த குண்டை இறக்கவே அதைப் பூசினார்கள். இங்கேயும் மருந்து மிஞ்சினால் குடைவின் மெல்லிய விளிம்பு குழல்வாயில் கோணலாகப் பிதுங்கி, குறி கெட்டுவிடும்.

ஆகவே குறைந்த அளவில் தொடங்கி, ஐந்தைந்து கிறெயினாகக் கூட்டி, ஒவ்வோர் அளவிலும் சில குண்டுகளைத் தாளில் சுட்டுப் பார்ப்பார்கள். ஓட்டைகள் எங்கே நெருங்கி விழுகின்றனவோ அந்த அளவு அந்தத் துவக்குக்குரியது. துவக்கைச் செய்தவர் சொன்ன உச்ச அளவைத் தாண்டுவதில்லை. இடிகம்பியிலும் ஒரு கோடு கீறி வைப்பார்கள். குண்டு மருந்தின்மேல் அமரவில்லையென்றால் கோடு உயர்ந்து நிற்கும். அந்த இடைவெளியோடு சுட்டால் குழல் வீங்கலாம், பிளக்கலாம்.

சுட்டு முடிந்ததும் சுடுதண்ணீர். கசடின் பெரும்பகுதி பொட்டாசியம் உப்பு. தண்ணீரில் கரையும், ஈரத்தை இழுக்கும். எங்கள் கடற்காற்றில் ஓரிரவு விட்டாலே துரு பிடித்துவிடும். ஊற்றும்போது கூழ்முட்டை மணத்தோடு கறுப்புத் தண்ணீர் வரும். அது தெளிந்து வரும்வரை ஊற்றி, துடைத்து, எண்ணெய் பூசிவிட்டுத்தான் துவக்கைச் சாத்தி வைப்பார்கள்.