மின்நிலையத்தைச் சுமந்து ஓடும் ரயில்

மின்சார ரயிலுக்கு வேண்டிய மின்சாரம் எங்கோ உற்பத்தியாகி, தலைக்கு மேலே செல்லும் கம்பி வழியாக வந்து சேர்கிறது. டீசல்-மின்சார ரயிலுக்கு அந்த வசதி இல்லை; எஞ்சின், ஜெனரேட்டர், எரிபொருள் எல்லாவற்றையும் தானே சுமந்து ஓடவேண்டும். 2007இல் பிரான்ஸின் மின்சார ரயில் ஒன்று மணிக்கு 574.8 கிலோமீட்டரை எட்டியது. டீசல் ரயில்களோ 300ஐக்கூடத் தொட்டதில்லை.

இவற்றில் டீசல் எஞ்சின் சக்கரங்களை நேரடியாகச் சுழற்றுவதில்லை. அது ஜெனரேட்டரை ஓட்டுகிறது. அதிலிருந்து வரும் மின்சாரம் சக்கர அச்சுகளுக்கு அருகிலுள்ள மோட்டார்களை இயக்குகிறது. சுற்றுவழிதான், ஆனால் காரணம் உண்டு. குறிப்பிட்ட சுழற்சி வேகத்துக்குக் கீழே போனால் டீசல் எஞ்சின் அணைந்துவிடும். மின்மோட்டாரோ அசையாமல் நிற்கும் ரயிலையும் முழுப் பலத்துடன் இழுத்துக் கிளப்பும்.

வேகம் கூடியதும் காற்று குறுக்கே நிற்கிறது. வேகம் இரு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதை வெல்லத் தேவைப்படும் திறன் எட்டு மடங்காகும். திறனைக் கூட்டப் பெரிய எஞ்சின் வைத்தால் எடை ஏறும். 1933இல் பெர்லினுக்கும் ஹாம்பர்க்குக்கும் இடையே 160 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய ஜெர்மன் டீசல் ரயிலுக்கு இரண்டே பெட்டிகள். நடுவில் இருந்த சக்கரத் தொகுதியை இரண்டும் பகிர்ந்துகொண்டன. எடையைக் குறைக்க அவ்வளவு பாடுபட்டிருக்கிறார்கள்!

எனக்கு மிகவும் பிடித்தது பிரிட்டனின் 'இன்டர்சிட்டி 125'. வழக்கமாக மோட்டாரின் எடையில் ஒரு பகுதி வில்லின் (ஸ்பிரிங்) தாங்கல் இல்லாமல் அச்சின்மீதே அமரும். வேகமாக ஓடும்போது அது தண்டவாளத்தைச் சம்மட்டிபோல அடிக்கும். இந்த ரயிலில் மோட்டார்களை வில்களுக்கு மேலே உள்ள சட்டத்தில் பொருத்தினார்கள். முன்னும் பின்னும் 2,250 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின் வண்டிகள். பெட்டிகளைக் குறைத்துக்கொண்டு, 1987 நவம்பர் 1 அன்று டார்லிங்டனுக்கும் யார்க்குக்கும் இடையே அது 238 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்தது. அதற்கெனப் போட்ட தனிப்பாதை அல்ல. 1841இல், நீராவி யுகத்தில் திறக்கப்பட்ட பாதை!

1993இல் ரஷ்யாவின் டிஇபி-80 எஞ்சின் 271ஐ எட்டியதாக அந்நாட்டு ரயில்வே அறிவித்தது. அதன் எடை 180 டன், திறன் 6,000 குதிரை. பாரத்தைப் பகிர எட்டு அச்சுகள். பிரிட்டிஷ் எஞ்சின் வண்டி ஒவ்வொன்றும் சுமார் 70 டன். வகுத்துப் பார்த்தால் டன்னுக்கு ரஷ்ய எஞ்சினில் 33 குதிரை, பிரிட்டிஷ் வண்டியில் 32.