காய்ந்த இலைக்கு என்ன வேலை?

மரத்தில் தொற்றி வளரும் பெரணிகளில் ஒன்றைப் பார்த்தால் பாதி செத்துவிட்டதோ என்று தோன்றும். நீண்ட பச்சை இலைகள் மேலே நிற்க, அடியில் பட்டையோடு ஒட்டிப் பழுப்பேறிய இலைகள் மொரமொரத்துக் கிடக்கும். பிய்த்துப் போடக் கை துறுதுறுக்கும். பிய்த்தால் போயிற்று, செடியின் தொட்டியையே உடைத்ததாகிவிடும்.

இதன் பெயர் முடவாட்டுக்கால். கிளையைச் சுற்றி ஊரும் தடித்த தண்டின்மேல் பழுப்புச் செதில்கள் ரோமம்போல் அடர்ந்திருப்பதால், பார்க்க ஆட்டுக்கால்தான். 1753இல் ஸ்வீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் இதற்கு ‘ஓக் இலை கொண்டது’ என்று பொருள்படும் பெயரை வைத்தார். அவர் வைத்த பெயரில் நிலைத்தது இந்தப் பழுப்பு இலைகளின் வடிவம். இந்தப் பெரணி இந்தியாவிலிருந்து வடக்கு ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கிறது.

இது புல்லுருவி அல்ல. மரத்தின் சாற்றில் ஒரு சொட்டுகூட உறிஞ்சாது. இடம் மட்டும் போதும். ஆனால் கிளைமேல் மண் ஏது? மழைநீர் நிற்காமல் வழிந்தோடிவிடும், தாது உப்புகளும் அதோடு போய்விடும். அதனால் இந்தப் பெரணி மண்ணைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது. அதற்காகவே இரண்டு வகை இலைகளை விடுகிறது. பச்சை இலைகள் உணவு தயாரிக்கின்றன, அடிப்புறத்தில் ஸ்போர் எனும் நுண்வித்துகளைச் சுமக்கின்றன. காம்பில்லாத குட்டை இலைகளோ சீக்கிரமே பச்சையம் இழந்து காய்ந்துவிடுகின்றன, உதிர்வதில்லை. விறைத்த நரம்புகள் அவற்றைக் கூடைபோல் நிமிர்த்தி வைத்திருக்கின்றன. மேலிருந்து விழும் சருகு, தூசி, பூச்சிகளின் எச்சம் எல்லாம் அதில் சேர்ந்து மக்குகின்றன. அந்த மக்குக்குள்தான் வேர்கள் நுழைகின்றன. மழை விட்ட பிறகும் அங்கே ஈரம் இருக்கும்.

கோடை வந்தால் பச்சை இலைகள் கொட்டிவிடும். பழுப்புக் கூடையும் சதைப்பற்றுள்ள தண்டும் மட்டும் மிஞ்சும். செடி செத்தது என்று நாம் முடிவுகட்டியிருக்கும்போது, முதல் மழைக்குப் பின் தண்டின் நுனியில் புதுத் துளிர் சுருண்டு எட்டிப் பார்க்கும்.

இதே வித்தையை ஒரே வகை இலையைப் புனல்போல் அடுக்கிச் செய்வது பறவைக்கூட்டுப் பெரணி. போர்னியோ தீவின் மழைக்காட்டில் அதன் பெரிய செடிகள் ஈரத்தோடு 200 கிலோ வரை எடை ஏறுகின்றன. அப்படிப்பட்ட ஒரே செடிக்குள், அது தொற்றியிருக்கும் மரத்தின் கிளைப்பரப்பு முழுவதிலும் இருக்கும் அளவுக்குப் பூச்சிகளும் சிற்றுயிர்களும் குடியிருக்கின்றன.